ஃப்ரீ டைம்லதானே பண்றே?

போன வாரம் ஒரு ஜூனியர்கிட்ட இருந்து மெசேஜ் வந்தது. "அக்கா, சிம்போசியத்துக்கு வர்ற கெஸ்ட்டுகளுக்குக் கொடுக்க குரோஷே கீசெயின் 40 வேணும். தேனீ டிசைன். ஒண்ணு 50 ரூபா ஓகேவா? ஃப்ரீ டைம்ல போட்டுக் கொடுத்தா போதும்."

கடைசி வரியை அவள் எந்தத் தப்பான எண்ணத்திலும் எழுதவில்லை. அவசரம் இல்லை என்று சொல்ல வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த "ஃப்ரீ டைம்" என்ற வார்த்தையோடு எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு தகராறு இருக்கு. மெசேஜுக்கு இன்னும் பதில் போடல. அதுக்கு முன்னாடி இதை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். (பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் டைப்பிங் இந்த மேகசின் புண்ணியத்தில் கத்துக்கிட்டது. ர, ற தப்பு இருந்தா எடிட்டர் பார்த்துப்பாங்க.)

சொல்ல வர்றதை முதலிலேயே சொல்லிடறேன். குரோஷே, தையல், ஆரி என்று கையால் ஏதாவது செய்து இன்ஸ்டா பேஜில் விக்கிறவங்க நம்ம காலேஜில் எனக்குத் தெரிஞ்சே பத்துப் பதினைந்து பேர் இருக்கோம். நாம எல்லாருமே ரொம்பக் குறைஞ்ச விலைக்கு விக்கிறோம். அதில் நஷ்டம் நமக்கு மட்டும்தான் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நம்ம கை, நம்ம நூல், நம்ம இஷ்டம். ஆனால் நாம வைக்கிற விலை நம்மகிட்டயே நின்னுடறதில்ல. அதே வேலையை வயித்துப்பாட்டுக்குச் செய்ற யாரோ ஒருத்தரோட வாசலுக்கும் போய்ச் சேருது. அப்படி ஒரு வாசல் எங்க வீதியிலேயே இருக்கு.

முதலில் நான் எப்படி இதில் மாட்டினேன் என்ற கதை.

நாங்க 2020 பத்தாவது, ஆல் பாஸ் பேட்ச். பரீட்சைக்குப் படிச்சு முடிச்சு, பரீட்சையே இல்லாமல் போன கூட்டம். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மாவோட தையல் டப்பாவில் ஒரு சின்ன ஸ்டீல் கொக்கி கிடைத்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் கிராஃப்ட் பீரியடுக்கு வாங்கின குரோஷா ஊசி. அம்மாவுக்குச் சங்கிலி போடறது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மீதியை யூடியூப் சொல்லிக் கொடுத்தது.

அதிலும் ஒரு வாரம் வீணாப் போச்சு. அமெரிக்காக்காரங்க சிங்கிள் குரோஷே என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ்காரங்க டபுள் குரோஷே என்கிறார்கள். இது தெரியாமல் ஒரு வீடியோவில் பாதி, இன்னொரு வீடியோவில் மீதி பார்த்துப் போட்டால் என்ன வரும்? பாதி அடர்த்தியாக, பாதி வலை மாதிரி ஒரு துணி வந்தது. முதல் மஃப்ளர் ஆரம்பத்தில் எட்டு இன்ச் அகலம், முடிவில் ஐந்து இன்ச். ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் தையலை விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். குரோஷே போடற யாரைக் கேட்டாலும் இந்த முக்கோண மஃப்ளர் அவங்க வீட்டிலும் ஒண்ணு இருக்கும். கேட்டுப் பாருங்க.

ஆனால் கை பழகினதும் அந்தச் சுகம் வேற. நடுவில் ஆறு தையல், அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு. சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டறதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும். ஆறுக்கு மேல் கூட்டினால் ஓரம் கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருள ஆரம்பிக்கும். இந்தச் சுருளலை வைத்துத்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் 1997-ல் ஹைப்பர்போலிக் ஜியோமெட்ரியை மாணவர்களுக்குக் கையில் எடுத்துக் காட்டினார். இதைச் சொன்னால் நம்ம பசங்க உடனே "ஓ, அப்ப இதுல மேத்ஸ் எல்லாம் இருக்கா!" என்று மரியாதை கொடுப்பாங்க. மேத்ஸ் இல்லாமல் இருந்தால் மட்டும் மரியாதை கிடையாதா என்று எனக்கு ஒரு கோபம் வரும். அது வேற கட்டுரை.

தையலும் அதே வருஷம்தான். ஊர் திருப்பூர் என்பதால் துணிக்குப் பஞ்சமே இல்லை. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கலாம். அதைக் குறுக்குவாட்டில் ஒரு இன்ச் பட்டையாக வெட்டி இழுத்தால், சிங்கிள் ஜெர்சி துணி தானாகவே உள்பக்கம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிடும். அந்தக் கயிறில் பெரிய ஊசி வைத்துப் போட்ட கால்மிதிதான் என் முதல் உருப்படியான பொருள். இன்னும் எங்க வீட்டு பாத்ரூம் வாசலில் கிடக்கு. அம்மாவோட கால் மிதி மெஷினில் பை, பவுச் எல்லாம் தைத்தேன். ஜிப் வைக்கிறது மட்டும் இன்னும் எனக்கு வராது. ஒரு பக்கம் எப்பவும் ஏறித்தான் நிற்கும்.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர். "ஏங்ப்பா, குரோஷே போடற மெஷின் நம்ம ஊர்ல எங்க இருக்கு?" அவர் சிரித்துவிட்டு, எலாஸ்டிக் கம்பெனியில் குரோஷே மெஷின் என்று ஒண்ணு ஓடும், ஆனால் அது நீ போடறது இல்லை என்றார். அப்போது புரியல. தேர்ட் இயரில் டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட் ஒருத்தி விளக்கினப்புறம்தான் புரிஞ்சது. அந்த மெஷின் செய்வது வார்ப் நிட்டிங். பேர்தான் குரோஷே.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கணும். ஏன்னா என் மொத்த வாதமும் இந்த மெஷின் விஷயத்தில்தான் நிற்குது.

பனியன் துணி பின்னுற வட்ட மெஷினைப் பாருங்க. 30 இன்ச் டயா, 24 கேஜ் என்றால் சுற்றளவை இன்ச்சில் எடுத்து 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,260 ஊசி. அத்தனை ஊசியும் ஆளுக்கு ஒரு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில் நிற்கும். ஒவ்வொண்ணும் செய்ற வேலை ஒரே வேலை: மேலே போ, நூலைப் பிடி, கீழே இழு. அதனால்தான் மெஷினுக்குச் சுலபம். குரோஷேயில் அப்படி வரிசை கிடையாது. உயிரோடு இருக்கிற வளையம் ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணுதான். கொக்கி ஏற்கெனவே போட்ட துணிக்குள்ளே சரியான ஓட்டையைத் தேடிக் குத்தி, நூலை இழுத்து, அந்தத் தையலை முடிச்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். ஓட்டை கொஞ்சம் இறுகியிருக்கும், கொஞ்சம் சாய்ந்திருக்கும். கண்ணும் விரலும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கும். இதனால்தான் கடைக்கு வரும் நிஜமான குரோஷே துணிக்குப் பின்னால் ஃபேக்டரி மெஷின் இல்லை.

அப்படின்னா ஆன்லைனில் 499 ரூபாய்க்கு வருகிற "குரோஷே டாப்"? அதற்கு ரெண்டே ரெண்டு விளக்கம்தான். ஒண்ணு, அது குரோஷே மாதிரித் தெரியுற மெஷின் நிட்டிங். கிட்டத்தில் பார்த்தால் வளையங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒழுங்காக ஓடும். இல்லையென்றால் அது நிஜமாகவே குரோஷே. அப்போ எங்கேயோ ஒருத்தர் அதைக் கையால் போட்டிருக்கிறார். கடைக்காரர், ஆன்லைன் கமிஷன், கூரியர், நூல் எல்லாம் போக அந்த 499-ல் அவர் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. ஒரு டாப் போட எனக்கு 25 மணி நேரம் ஆகும். நல்லாக் கை பழகினவங்களுக்கு அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிஞ்ச நான் என்ன செய்தேன் என்பதுதான் அடுத்தது.

செகண்ட் இயரில் ரூம்மேட்டோடு சேர்ந்து பேஜ் ஆரம்பித்தேன். முதல் ஆர்டர் ஒரு தோள்பை. நூல் 220 ரூபாய், ஒன்பது மணி நேர வேலை. விலை 400. கையில் நின்றது 180. மணிக்கு இருபது ரூபாய். அப்போது அதைக் கணக்குப் போடவே இல்லை. யாரோ ஒருத்தர் காசு கொடுத்து நான் போட்டதை வாங்கினாங்க என்கிற சந்தோஷத்தில் கேன்டீனில் எல்லாருக்கும் ட்ரீட் வைத்து அந்த 180-ஐயும் காலி பண்ணினேன்.

தேர்ட் இயர் முடிந்து செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கல்யாணம். ஆறு சேலைக்கு முந்தியில் குஞ்சம் போடணும் என்றார்கள். குரோஷே குஞ்சம் தெரியும்தானே? சில்க் த்ரெட்டை இருபது இழை சேர்த்து, முந்தி ஓரத்தில் கொக்கியால் வரிசை போட்டு, நடுநடுவே மணி கோத்து, கீழே குச்சு கட்டித் தொங்க விடுவது. போட்டு முடிச்சா சேலையோட முகமே மாறிடும். "உம் பொண்ணு நல்லாப் போடறாளாமே, அவளையே போடச் சொல்லு" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். நான் யோசிக்காமல் சேலைக்கு 200 என்று சொல்லிவிட்டேன். லீவுதானே, சும்மாதானே இருக்கேன் என்று.

ஆறு சேலை, 1,200 ரூபாய். நூலுக்கும் மணிக்கும் சுமார் 270. மிச்சம் 930. ஒரு சேலைக்கு ஐந்து மணி நேரம் வீதம் முப்பது மணி நேரம். மணிக்கு 31 ரூபாய். நல்லா முன்னேறிட்டேன்!

அடுத்த வாரம் அம்மாவோட ப்ளவுஸை வாங்க எங்க வீதிக் கடைசியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா முன்னாடி ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட். முதுகுவலி வந்து நின்னுட்டாங்க. இப்போ வீட்டு முன்ரூமில் ப்ளவுஸ், ஃபால்ஸ், ஜிக்ஜாக், குஞ்சம். வேலை இல்லாத நாளில் கம்பெனியிலிருந்து மூட்டையாக வருகிற பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பாங்க. நான் எட்டாவது படிக்கும்போது மெஷினில் பாபின் மாட்டச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்.

ப்ளவுஸை மடித்துக்கொண்டே சொன்னாங்க: "இந்தக் கல்யாண சீசன்ல குஞ்சம் ஆர்டரே இல்ல கண்ணு. நானூத்தம்பதுன்னு சொன்னா, 'காலேஜ் புள்ளைங்க எரநூறுக்கே போட்டுத் தர்றாங்களே, நீ என்ன இப்படிச் சொல்றே'ன்னு கேக்கறாங்க. அதுங்க படிக்கிற புள்ளைங்க, சும்மா நேரத்துல போடுதுங்க. எனக்குக் கட்டுமா?"

நான் ஒண்ணும் சொல்லல. ப்ளவுஸை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அந்த "காலேஜ் புள்ளைங்க" பன்மையில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்று ஒத்துக்கறேன். நான் மட்டும் இல்லை போல என்று. ஆனால் அந்த ஆறு சேலையும் போன வருஷம் வரைக்கும் அந்த அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டோட சேலைகள் என்று அம்மா அப்புறம் சொன்னாங்க.

450 என்றால் அந்த அக்கா கொள்ளை அடிக்கிறாங்களா? நூல் போக 405. மூணு மணி நேரத்தில் முடிச்சிடுவாங்க. மணிக்கு 135. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வருஷம் முழுக்க ஆர்டர் கிடையாது. ஆடியில் ஒண்ணும் இருக்காது, மார்கழியில் ஒண்ணும் இருக்காது. மெஷின் பெல்ட், மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில், சொன்ன தேதிக்குக் காசு தராதவங்க எல்லாம் அந்த 135-க்குள்ளேதான் வரணும். எனக்கு ஹாஸ்டல் ஃபீஸை அப்பா கட்டறார். சாப்பாடு மெஸ்ஸில். என்னால் 31 ரூபாய்க்கு வேலை செய்ய முடியறதுக்குக் காரணம் திறமை இல்லை. என் செலவை வேற ஒருத்தர் பார்த்துக்கறார், அவ்வளவுதான். பிசினஸ் பாஷையில் சொன்னால், எங்கப்பா சம்பளம் எனக்கு சப்சிடி. அந்த சப்சிடியை வச்சு நான் அந்த அக்காவோட போட்டி போட்டிருக்கேன்.

இது எனக்கு மட்டும் நடந்த புது விஷயம் என்று நினைத்தேன். சிக்ஸ்த் செமில் ஓப்பன் எலக்டிவ் அசைன்மென்டுக்காகப் படித்த ஒரு புத்தகத்தின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-ல் வெளியிட்ட, நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய புத்தகம். நரசாப்பூர் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே பெண்களுக்கு குரோஷே லேஸ் கற்றுக் கொடுத்தார்கள். அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிற பெரிய தொழிலாக வளர்ந்தது. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் புத்தகம் சொல்ற விஷயம் இதுதான். அந்தப் பெண்கள் வீட்டு வேலையும் பார்த்து, அதற்கு மேல் தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் போட்டார்கள். ஆனால் ஊரில் யாரும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ போடுறாங்க என்றுதான் பார்த்தார்கள். அவர்களே தங்களை அப்படித்தான் நினைத்தார்கள். விவசாயக் கூலியை விடக் குறைவாகக் கொடுப்பதற்கு அந்த ஒரு நினைப்பே போதுமானதாக இருந்தது. லேஸை வாங்கி விற்ற ஆண்கள் வியாபாரி ஆனார்கள், ஏற்றுமதியாளர் ஆனார்கள். போட்டவர்கள் ஹவுஸ்வைஃப் ஆகவே இருந்தார்கள்.

"ஓய்வு நேரம்." நம்ம பாஷையில் ஃப்ரீ டைம். அசைன்மென்ட் எழுதும்போது பத்து மார்க்குக்காக இதைச் சுருக்கி எழுதினேன். அந்த வார்த்தையை எங்க வீதி அக்கா "சும்மா நேரத்துல" என்று சொன்னப்பத்தான் உறைத்தது.

நம்ம பக்கத்திலும் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்தார். அது குரோஷே இல்லை, தலையணை மேல் நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்த வருமானத்தை வைத்து அடிமையாக இருந்த சில பெண்கள் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. நூல் வேலைக்குச் சரியான காசு கிடைத்தால் அதுவும் நடக்கும்.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஏகப்பட்ட எதிர்ப்பு. நியாயமான எதிர்ப்புதான். ஒருத்தி சொன்னாள்: "உனக்கு அப்பா ஃபீஸ் கட்டறார். நான் இதுலதான் எக்ஸாம் ஃபீஸ் கட்டறேன்." சரிதான். ஆனால் பணம் தேவைப்படற ஆள் ஏன் மணிக்கு 20 ரூபாய்க்கு வேலை செய்யணும்? போன சம்மரில் நான் போன இன்டர்ன்ஷிப்பில் மாசம் பத்தாயிரம் ஸ்டைபெண்ட். 22 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு சுமார் 57. அதில் பாதி நேரம் நான் எக்செல் ஷீட்டில் கலர் மாத்திக்கிட்டு இருந்தேன். அதற்கு 57 வாங்கிவிட்டு, கண்ணு வலிக்கப் போடற குரோஷேக்கு 20 போதும் என்று சொல்வதில் என்ன லாஜிக்?

இன்னொருத்தன், எங்க கிளாஸ் எகனாமிஸ்ட், "மார்க்கெட்தான் விலையை முடிவு பண்ணும், சப்ளை டிமாண்ட்" என்றான். பண்ணட்டும். ஆனால் இங்கே சப்ளை பண்ற நாம யாருமே நம்ம செலவைக் கணக்கில் சேர்க்கறதில்ல. நேரம் சும்மா, இடம் சும்மா, சாப்பாடு சும்மா. இப்படி ஒரு கம்பெனி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக்கிட்டு வந்தா அவனே சிரிப்பான்.

எனக்குக் கஷ்டமாக இருந்த கேள்வி மூணாவது. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி கேட்டது. "நான் இப்பதான் கத்துக்கறேன்க்கா. அந்த அக்கா அளவுக்கு ஃபினிஷிங் வராது. நான் எப்படி அதே ரேட் சொல்றது?"

அவள் சொல்வதில் விஷயம் இருக்கு. அந்த அக்கா மூணு மணி நேரத்தில் முடிப்பதை நான் ஐந்து மணி நேரம் எடுத்தேன். என் மெதுவான கைக்கும் சேர்த்துக் காசு கொடு என்று வாங்குபவரிடம் கேட்க முடியாது. அதனால் மணிக்கணக்கை மட்டும் வைத்து விலை போடுவதும் சரியாக வராது. ரொம்ப நாள் யோசித்து நான் வந்து நிற்கிற இடம் இது: ஊரில் இதே வேலையைத் தொழிலாகச் செய்றவங்க என்ன ரேட் வாங்குறாங்கன்னு முதலில் போய்க் கேளு. அதுக்குக் கீழே விக்காதே. அந்த ரேட்டுக்கு உன் ஃபினிஷிங் வரலையா, வர்ற வரைக்கும் விக்கவே விக்காதே. ஃப்ரெண்டுக்குக் கொடு, தங்கச்சிக்குக் கொடு, பாட்டி வீட்டு டிவிக்குக் கவர் போட்டுக் கொடு. முழுசாக் கொடு, இல்லைன்னா முழுசா வாங்கு. பாதிக் காசு வாங்கிக்கிட்டுப் பாதி பரிசாக் கொடுக்கிற அந்த நடு இடம்தான் எல்லாரையும் கெடுக்குது. வாங்கினவங்களுக்கும் அது பரிசுன்னு தெரியாது. அதுதான் ரேட் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடையில் போய்க் கேட்பாங்க.

பரிசாகக் கொடுப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. நான் போட்டதிலேயே நல்ல பொருள் எதையும் விக்கல. பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ ஒரு சால்வை போட்டேன். நாலு மாசம், லேப் ரெக்கார்டுக்கு நடுவே. அதில் மூணாவது வரிசையில் ஒரு தப்பு இருக்கு. பிரிக்க மனசு வராமல் விட்டுட்டேன். பாட்டி அதைப் போர்த்திக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தாங்க, நல்ல வெயிலில். அந்தச் சால்வைக்கு என்ன விலை என்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாராவது ஏதாவது நல்லாச் செய்தாலே "பேஜ் ஆரம்பி, சைடு இன்கம்" என்று சொல்றவங்களைப் பார்த்தால் இப்போ அலுப்பா இருக்கு. அம்மாக்கள் தலைமுறையில் ஒயர் கூடை பின்னினாங்களே, பிஸ்கெட் கூடை, சிவன் கண் கூடை, அதில் வித்தது எத்தனை, சம்பந்தி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போனது எத்தனை? யாரும் எக்செல் ஷீட் வைக்கல.

தீபாவளி லீவில் அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். இனிப்பு டப்பாவோடு போய், வாசலிலேயே நின்று, "அந்தக் காலேஜ் புள்ள நான்தானுங்க்கா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. கோபமா, இல்லையா என்று தெரியல. அப்புறம் கேட்டாங்க:

"ஒரு சேலைக்கு எத்தன நேரம் ஆச்சு?"

"அஞ்சு மணி நேரமுங்க்கா."

"அஞ்சு மணி நேரமா? எரநூறுக்கா? அப்ப என்னையவிட நீதான் கண்ணு ஏமாந்திருக்கே."

அப்புறம் உள்ளே கூப்பிட்டு, முடிச்சு இறுக்குவதற்கு முன்னால் நூலை எச்சில் தொட்டு முறுக்கினால் நேரம் பாதியாகக் குறையும் என்று காட்டினாங்க. கல்யாண வீட்டுச் சேலை ஒண்ணில் நான் போட்ட குஞ்சம் நாலு, அதுக்குள்ளேயே அவிழ்ந்து, அதை அவங்கதான் காசு வாங்காமல் சரி பண்ணிக் கொடுத்தாங்களாம். அதையும் அப்போதுதான் சொன்னாங்க. அது என் வேலை என்று அவங்களுக்கு அப்போ தெரியாது. எனக்கு அந்த வீட்டுத் தரையில் புதைஞ்சிடலாம் போல இருந்தது.

இப்போ ஊரிலிருந்து குஞ்சம் கேட்டு யார் மெசேஜ் பண்ணினாலும் அந்த அக்கா நம்பரைக் கொடுக்கிறேன், 450 என்ற ரேட்டோடு. சில பேர் போறாங்க. சில பேர் "ஐயோ அவ்ளோவா" என்று சொல்லிவிட்டு மெஷின் லேஸ் வாங்கி ஒட்டிக்கறாங்க. அது அவங்க இஷ்டம். நாலு பேரை அனுப்பினால் அந்த ஆறு சேலைக்கு ஈடாகிடும் என்றெல்லாம் நான் நினைக்கல.

சரி, தேனீ கீசெயின். இதற்கு நம்ம ஊரில் கேட்டுப் பார்க்க ரேட் கிடையாது, யாரும் தொழிலாகச் செய்யவில்லை. அதனால் இன்டர்ன்ஷிப் கணக்குதான். ஒரு தேனீக்கு மஞ்சள், கறுப்பு நூல், உள்ளே அடைக்கிற பஞ்சு, கண் மணி, வளையம் எல்லாம் சேர்த்து இருபது ரூபாய். உடம்பு போட்டு, சிறகு தைத்து, கண் வைக்க ஒரு மணி நேரம். மணிக்கு 57. ஆகமொத்தம் 77. தப்பாப் போய்ப் பிரிச்சுப் போடறது, கவரில் போடறது எல்லாம் சேர்த்தால் 90. நாற்பது தேனீ என்றால் நாற்பது மணி நேரம். கடைசி செமஸ்டரில், ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு நடுவில்.

அதனால் அவளுக்கு ரெண்டு வழி எழுதினேன். ஒண்ணு 90 ரூபாய் வீதம் நாற்பது, 3,600, பாதி அட்வான்ஸ். இல்லை, சீஃப் கெஸ்ட்டுக்கு மட்டும் ஒரே ஒரு தேனீ, காசு வேண்டாம், என் டிபார்ட்மென்டுக்கு என் பரிசு. மீதிப் பேருக்குப் பேனா கொடுத்துக்கலாம்.

இந்தக் கட்டுரையை எடிட்டருக்கு அனுப்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலம் ஆயிடுச்சு. டைப்பிங் என்று ரெண்டு தடவை வந்து நின்னுடுச்சு. பதில் இன்னும் வரல. மஞ்சள் நூல் மட்டும் எதற்கும் ஒரு உருண்டை வாங்கி வச்சிருக்கேன்.